மழைத்தோட்ட நுழைவாயில் வாட்டமும் திசையும்

தெருவில் ஓடும் மழைநீரை மண்ணில் இறக்கும் மழைத்தோட்டங்களைப் பற்றிய வடிவமைப்பு விவாதங்கள் மண் கலவை, செடி வகை, நீர் ஊறும் வேகம் ஆகியவற்றிலேயே பெரிதும் நின்றுவிடுகின்றன. சாலையோர விளிம்புக்கல்லில் விடப்படும் திறப்போ சிறு கட்டுமான வேலையாகவே கருதப்படுகிறது. ஆனால் தோட்டம் எவ்வளவு நீரை உறிஞ்சும் என்ற கேள்வி எழுவதற்கு முன்பே, எவ்வளவு நீர் அதற்குள் வரும் என்பதை அந்தத் திறப்பு முடிவுசெய்துவிடுகிறது. அந்தப் பங்கை நிர்ணயிப்பதில் திறப்பின் அகலத்தைவிட, அதன் முன்னுள்ள தரைமட்டமும் அது ஓட்டத்தை எதிர்கொள்ளும் திசையுமே முதன்மையானவை என்பது இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகத்தின் நீரியல் பொறியியல் சுற்றறிக்கை 22 தரும் சமன்பாட்டைக் கொண்டு இதைச் சோதிக்கலாம். நெடுக்கு வாட்டமும் குறுக்கு வாட்டமும் 2%, சொரசொரப்புக் கெழு 0.016 உள்ள சாலையோரத்தில் நொடிக்கு 10 லிட்டர் நீர் ஓடுவதாகக் கொள்வோம். பக்கவாட்டில் விடப்பட்ட 45 செ.மீ. திறப்பு அதில் ஏறத்தாழ 17 விழுக்காட்டையே பிடிக்கிறது. எஞ்சிய நீர் கடந்து போய்விடுகிறது. அகலத்தை 90 செ.மீ. ஆக்கினால் பங்கு 33 விழுக்காடாகிறது. மாறாக, 45 செ.மீ. அகலத்தை அப்படியே வைத்து, திறப்பின் முன் 30 செ.மீ. அகலத்துக்கு 50 மி.மீ. தாழ்வு கொடுத்தால் அது 42 விழுக்காட்டை எட்டுகிறது. நீர் தன் வேகத்தில் நேராக ஓடவே முனைகிறது. பக்கம் திரும்ப அதற்குச் சரிவு வேண்டும்.

திசையின் வலிமைக்கு ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரின் சிஸ்கியூ தெரு சான்று. 2003-இல் அங்கே விளிம்புக்கல்லைச் சாலைக்குள் நீட்டித் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. ஓரமாக வரும் நீர் தோட்டத்தின் முகப்பில் நேராக மோதுகிறது. அங்கும் திறப்பு ஏறக்குறைய 45 செ.மீ. தான். ஆயினும் செயற்கையாக நீரை ஓடவிட்டுச் செய்த சோதனைகள், 25 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கும் மழையிலும் ஓட்டத்தின் தீவிரம் 85 விழுக்காடு குறைவதைக் காட்டின. உள்ளே கட்டிய சிறு தடுப்பணைகளுக்கும் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் நீர் முதலில் உள்ளே வந்ததால்தான் அவற்றால் வேலை செய்ய முடிந்தது.

பசுமை அமைப்புகள் சிறு மழைக்கானவை, பெருமழையில் நீர் கடந்துபோவதால் குறையில்லை என்று மறுக்கலாம். ஆனால் ஓட்டம் நொடிக்கு 1 லிட்டராகக் குறைந்தாலும், தாழ்வற்ற அதே பக்கத் திறப்பு 42 விழுக்காட்டையே பிடிக்கிறது. சிறு மழையிலும் பாதிக்கு மேல் இழப்பே. தாழ்வு மிதிவண்டி ஓட்டுவோருக்கு இடர் என்பது நியாயமான மறுப்பு. அவர்கள் விளிம்பை ஒட்டிச் செல்லும் சாலைகளில் தாழ்வைத் தவிர்த்து, திறப்பை நீட்டியோ பல திறப்புகளை அடுத்தடுத்து வைத்தோ இழப்பை ஈடுசெய்ய வேண்டும். கூடுதல் செலவை ஏற்கத்தான் வேண்டும். தாழ்வில் வண்டலும் சருகும் அடையும் என்ற மூன்றாவது மறுப்பு உண்மையானது. உள்தரை திறப்பின் மட்டத்திலேயே இருந்தால் வண்டல் வாயிலேயே தங்கி, புல் முளைத்து, அணையாகிவிடும். உள்தரையை 50 மி.மீ. இறக்கி, மண்வெட்டியால் அள்ளக்கூடிய சிறு கான்கிரீட் வண்டல் தொட்டியை முகப்பில் அமைத்தால், அடைப்பு எங்கே நேர வேண்டும் என்பதை வடிவமைப்பாளரே தீர்மானிக்கலாம்.

ஆகவே ஒவ்வொரு மழைத்தோட்ட வரைபடமும், குறிப்பிட்ட ஓட்டத்தில் நுழைவாய் பிடிக்கும் பங்கைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். கட்டி முடித்ததும் நீரை ஓடவிட்டு அதைச் சரிபார்க்க வேண்டும். அந்தச் சோதனையில் தேறாத தோட்டத்தை நகராட்சி ஏற்கக் கூடாது.