மலையகத் தோட்டச் சிறுவர்களும் குற்றவியல் சட்டமும்

இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா ஆகிய நகரங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், குற்றஞ்சாட்டப்படும் ஒரு சிறுவரின் நிலையை எழுதப்பட்ட சட்டம் மட்டுமே தீர்மானித்ததில்லை. தோட்ட நிர்வாகத்தின் அதிகாரமும், வயதை நிறுவும் ஆவணமும், நீதிமன்றத்தின் மொழியும் அச்சட்டத்துக்கு நிகராக அதைத் தீர்மானித்து வந்துள்ளன.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 8 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் எச்செயலும் குற்றமாகாது என்றும், 8 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளை தன் செயலின் தன்மையையும் விளைவையும் உணரும் முதிர்ச்சி பெற்றிருந்தால் மட்டுமே குற்றப்பொறுப்புக்கு உள்ளாகும் என்றும் வகுத்தது. ஆனால் அக்காலத் தோட்டத்தில் நீதவானைவிட அருகில் இருந்தவர்கள் துரை எனப்பட்ட தோட்ட அதிகாரியும், கணக்கப்பிள்ளை எனப்பட்ட கள மேற்பார்வையாளரும், தொழிலாளரைத் திரட்டி நடத்திய பெரிய கங்காணியுமே. 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம், முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்குவதையே சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்ததால், கடன் கணக்கில் கட்டுண்ட குடும்பங்களின் பிள்ளைகள் சட்டத்தைப் பாதுகாப்பாக அல்ல, பெற்றோரைப் பிடித்துச் செல்லும் கையாகவே முதலில் அறிந்தனர். தொழிற்குற்றங்களுக்கான இத்தண்டனைகள் 1920களின் தொடக்கத்திலேயே நீக்கப்பட்டன.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டம், ஆண், பெண், சிறுவர் என மூவகையாகக் கூலியைப் பிரித்ததோடு, 10 வயதுக்குக் குறைந்தவர்களைத் தோட்ட வேலைக்கு அமர்த்துவதைத் தடுத்தது. இதனால், காலையில் தொழிலாளரின் பெயர் பதியப்படும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க வயது போதாத 8 வயதுப் பிள்ளை, குற்றவாளிக் கூண்டில் நிற்க மட்டும் வயது நிறைந்ததாகக் கருதப்படும் முரண்பாடு தோன்றியது. தோட்டச் சிறுவர் குறித்து அரசு கொண்டிருந்த பார்வையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

பெருமாற்றம் 1939இல் வந்தது. அவ்வாண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் ‘சிறுவர்’ என்றும், 14 முதல் 16 வரையுள்ளவரை ‘இளம் ஆள்’ என்றும் வரையறுத்து, அவர்களைச் சிறுவர் நீதிமன்றத்தில், பொதுமக்கள் பார்வைக்கு அப்பால் விசாரிக்குமாறு விதித்தது. சிறைக்குப் பதிலாக, பெற்றோரிடம் பிணை பெற்று ஒப்படைத்தல், தகுதியான ஒருவரின் பொறுப்பில் விடுதல், சான்றுபெற்ற பாடசாலைக்கு அனுப்புதல் முதலிய வழிகள் திறந்தன. 1944ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் நன்னடத்தைக் கண்காணிப்பையும் சேர்த்தது. ஆனால் ஆண்பிள்ளைகளுக்கான பிரம்படியும் 1939ஆம் ஆண்டின் சட்டத்தில் இருந்தது. நீதிமன்றம் விதிக்கும் உடல்ரீதியான தண்டனைகள் 2005ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தாலேயே ஒழிக்கப்பட்டன. தனிச் சிறுவர் நீதிமன்றங்கள் மலையகத்துக்கு எட்டாமையால், நீதவான் நீதிமன்றமே வேறு நேரத்திலோ வேறு அறையிலோ சிறுவர் நீதிமன்றமாகக் கூடவேண்டியிருந்தது.

இப்பாதுகாப்புகள் அனைத்தும் வயதைச் சார்ந்தவை. வயதை நிறுவ ஆவணம் வேண்டும். ஆனால் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் பெரும்பாலான தோட்டத் தமிழர் நாடற்றவராயினர். பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாமல் வளர்ந்தோர் பின்வந்த தலைமுறைகளிலும் பலர். சான்றிதழ் இல்லாதபோது நீதிமன்றம் விசாரித்தும் மருத்துவரின் மதிப்பீட்டைப் பெற்றும் வயதை முடிவு செய்யும். அம்மதிப்பீட்டில் ஓராண்டு கூடினாலும், தடுப்பு இல்லத்துக்குச் செல்லவேண்டிய பிள்ளை வயதுவந்தோருடன் விளக்கமறியலில் அடைபட நேரும். லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பு வரிசையில் பிறந்த பிள்ளைக்கு இந்த ஓராண்டு ஏட்டளவிலான வேறுபாடன்று.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமும் அவசரகால விதிகளும், சாதாரணச் சட்டத்தின் சிறுவர் பாதுகாப்புகளைப் பின்தள்ளின. பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவவில், சரணடைந்த அல்லது சந்தேகத்தின்பேரில் பிடிக்கப்பட்ட தமிழ் இளைஞர்களும் சிறுவர்களும் வைக்கப்பட்டிருந்த அரச புனர்வாழ்வு முகாம் 2000 ஒக்டோபர் 25 அன்று தாக்கப்பட்டு, இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இத்தாக்குதலுக்காகக் கீழ்நீதிமன்றத்தில் மரண தண்டனை பெற்றவர்களை 2005இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. தண்டனைக்கு மாற்றாகச் சொல்லப்பட்ட புனர்வாழ்வு, அரசின் காவலிலேயே உயிரைக் காக்கத் தவறியது. இந்நிகழ்வைத் தவிர்த்து மலைநாட்டில் சிறுவர் தடுப்புக்காவலின் வரலாற்றை எழுத இயலாது.

இலங்கை 1991இல் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றபோதிலும், குற்றப்பொறுப்பின் கீழெல்லை 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தாலேயே 8இலிருந்து 12 ஆக உயர்ந்தது. 12 முதல் 14 வரையுள்ளவரின் முதிர்ச்சியை நீதவான் ஆராய வேண்டும். முதிர்ச்சியை அறியும் இவ்விசாரணை மொழியைச் சார்ந்தது. வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி பொதுவாகச் சிங்களமாகவே இருப்பதால், அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை மொழிபெயர்ப்பைப் பெறும் உரிமையை அளித்துள்ளது. எனவே ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு தோட்டச் சிறுவர் தன் செயலை எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்பது, பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியாகவே நீதவானைச் சென்றடைகிறது.