கோடையும் காலணியும்



சென்ற சித்திரைத் திங்களில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் பழைய மாணவர் ஒருவரைக் கண்டேன். "ஐயா, இவ்வெயிலில் பூட்ஸ் அணிந்தால் கால் வெந்துவிடுகிறது. செருப்பணிந்து நேர்முகத் தேர்வுக்குச் சென்றால் மதிப்பார்களா? ஆடவர்க்குச் செருப்பு மிடுக்கைத் தருமா?" என்று அவர் கேட்டார். வினா சிறிது, ஆனால் அதன் பின்னே நெடிய வரலாறு நிற்கின்றது. அதனையே இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

செருப்பு நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை அதனைத் 'தொடுதோல்' என்று வழங்குகிறது. அதனை அணிந்து அணிந்து வடுப்பட்ட ஆயனின் காலையும் காட்டுகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிடும் கலை நம் நாட்டில் வளர்ந்தது. அத்தோலால் தைத்த செருப்பு சுடுமண்ணைத் தடுக்கும், காற்றையோ தடுக்காது. வெப்ப நாட்டுக்கு இதனினும் ஏற்ற காலணி யாது?

அங்ஙனமாயின், அதன் மதிப்பு குறைந்தது எவ்வாறு? ஐரோப்பிய முறையில் பூட்ஸும் காலுறையும் அணிந்த இந்தியக் கனவான்கள், அவற்றைக் கழற்றாமலே கவர்னர் ஜெனரலின் அவைக்கு வரலாம் என்று 1854ஆம் ஆண்டில் ஆணை பிறந்தது. நாட்டு முறைக் காலணி அணிந்தவருக்கு அச்சலுகை கிட்டவில்லை. பூட்ஸ் மதிப்புக்குரியது, செருப்பு தாழ்ந்தது என்னும் எண்ணம் இத்தகைய ஆணைகளால் வேரூன்றியது.

ஆயினும், பழியனைத்தையும் அந்நியர்மீது சுமத்திவிட்டு நாம் தப்ப இயலாது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தைத் தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேற்றினார் என்பது மரபு. அந்நூலிலே வேடராகிய கண்ணப்பரின் செருப்புக் காலை இறைவன் உவந்து ஏற்கிறான். அதே நூலிலே திருக்கோயில்களின் பேரிகைகளுக்குத் தோல் வழங்கிய நந்தனாரோ, கோயிலுள் அடியெடுத்து வைக்க உரிமையின்றி வெளியே நிற்கிறார். கதையில் செருப்பைப் போற்றிய நம் சமூகம், தோல் தந்தவரை வாயிலில் நிறுத்தியது.

இக்கொடுமை பழங்கதையன்று. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் சிலர், ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆடவர் வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடித்தலாகாது, செருப்பு அணிதலாகாது என்பது அவற்றுள் ஒன்று. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராயிருந்த ஹட்டன் இதனைத் தம் நூலில் பதிந்துள்ளார்.

நான் சிறுவனாயிருந்தபோது, 1970ஆம் ஆண்டை ஒட்டி, சிதம்பரத்தையடுத்த ஒரு சிற்றூரில் இதனைக் கண்ணாலேயே கண்டேன். என்னோடு பயின்ற தோழன் புதுச் செருப்பு வாங்கினான். எங்கள் தெரு வந்ததும் அதனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சுடுமணலில் விரைந்து நடந்தான். தெருமுனை கடந்த பின்னரே அணிந்துகொண்டான். "ஏன்?" என்று நான் கேட்டதில்லை. என் காலில் செருப்பு இருந்தது. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

இருள் தானே விலகிவிடவில்லை. சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் 1916ஆம் ஆண்டில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, ஒடுக்கப்பட்ட சிறுவர்க்குக் கல்வி அளித்தார். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதனைக் குற்றமாக்கித் தண்டிக்கும் சட்டம் 1955இல் இயற்றப்பட்டது. சட்டம் வந்த பின்னரும் என் தோழன் செருப்பைக் கையில் ஏந்தினான் என்பதை மறவாதீர்கள். ஏட்டிலுள்ள உரிமை தெருவுக்கு வர, தெருவிலுள்ளோர் மனம் மாற வேண்டும்.

மற்றொரு செய்தியையும் கேளுங்கள். காந்தியடிகள் தென்னாப்பிரிக்கச் சிறையில் தம் கையால் ஒரு சோடிச் செருப்புத் தைத்து, தம்மைச் சிறையிட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்கு 1914இல் பரிசளித்தார். ஸ்மட்ஸ் அதனைப் பல கோடைகளில் அணிந்ததாக 1939இல் எழுதினார். தைத்தவரும் உயர்ந்தார், அணிந்தவரும் தாழவில்லை.

ஆகவே, மாணவர்க்கு நான் கூறிய விடை இது: "தம்பி, காலுக்குப் பொருந்திய, வார் அறாத, தூய்மையான தோற்செருப்பை அணிந்து தலைநிமிர்ந்து செல். கோடையில் அதுவே தக்க கோலம். ஆனால் அதனைத் தைத்த கையை மதிக்கக் கற்றுக்கொள். உன் தெருவில் எவரும் அதனைக் கழற்ற நேராதபடி பார்த்துக்கொள். மிடுக்கு என்பது அதுதான்."