வோக்ஸ்வாகன் டைப் 2 வேனின் காற்றழுத்த வாஷர்

முன்கண்ணாடி வாஷர் என்பது வாகனத்தின் முன்கண்ணாடியில் தண்ணீரைப் பீய்ச்சி, வைப்பர் அழுக்கைத் துடைத்தெடுக்க உதவும் அமைப்பு. இன்றைய வாகனங்களில் இதை ஒரு சிறு மின் பம்பு இயக்குகிறது. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம் 1967 முதல் 1979 வரை அங்கே தயாரித்த இரண்டாம் தலைமுறை டைப் 2 வேனில் அந்தப் பம்பு கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்குள் டயருக்கு அடிப்பதுபோலக் காற்றை அடித்து வைத்தார்கள். அந்தக் காற்றின் அழுத்தமே தண்ணீரைக் கண்ணாடிக்குத் தள்ளியது. இந்த வேன்களைப் பேணி ஓட்டுபவர்கள் வாஷர் பழுதைச் சரிசெய்யும் முறையும் இந்த அமைப்பிலிருந்தே வருகிறது.

பின்னணி

கண்ணாடியைத் துடைக்கும் கருவி முதலில் வந்தது. கழுவும் கருவி பிறகு வந்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன், உள்ளிருந்து கைப்பிடியால் இயக்கும் வைப்பருக்கு 1903 நவம்பரில் காப்புரிமை பெற்றார். மழையிலும் பனியிலும் அது உதவியது. ஆனால் மழை நின்றபின் முன்னே போகும் வண்டி வாரியடிக்கும் சேற்றை ஈரமில்லாத வைப்பர் துடைப்பதில்லை. கண்ணாடி முழுவதும் பூசிவிடுகிறது. எதிர்வெயிலிலோ எதிர்வரும் விளக்கொளியிலோ அந்தப் பூச்சு ஓட்டுநரின் பார்வையைச் சில நொடிகள் முற்றிலும் மறைக்கும். மணல் கலந்த தூசியை உலர்ந்த ரப்பரால் தேய்த்தால் கண்ணாடியிலும் கீறல் விழும்.

1930களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கார்களில் வாஷர்கள் அறிமுகமாயின. எஞ்சினின் வெற்றிட இழுப்பால் இயங்கியவை, காலால் மிதிப்பவை, கையால் அமுக்குபவை எனப் பல வகைகள் புழக்கத்துக்கு வந்தன. பிரிட்டிஷ் கார்களில் டூடர் நிறுவனத்தின் கைப்பம்பு பல ஆண்டுகள் பரவலாக இருந்தது. நெடுங்காலம் வாஷர் என்பது விருப்பப்பட்டால் வாங்கிப் பொருத்திக்கொள்ளும் துணைக்கருவியாகவே கருதப்பட்டது. அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரம் எண் 104, பயணிகள் கார்களில் வைப்பரோடு வாஷரையும் கட்டாயமாக்கியது. பின்னர் அது பிற வாகன வகைகளுக்கும் விரிந்தது.

டைப் 2 வேனும் அதன் முகப்பும்

நெதர்லாந்தைச் சேர்ந்த வோக்ஸ்வாகன் இறக்குமதியாளர் பென் பான் 1947 ஏப்ரலில் தம் குறிப்பேட்டில் வரைந்த ஒரு கோட்டுப்படமே இந்த வேனின் தொடக்கம். 1950 மார்ச்சில் உற்பத்தி தொடங்கியது. 1956இல் ஹானோவர் நகரின் புதிய ஆலைக்கு அது மாறியது. பீட்டில் காரைப் போலவே இதற்கும் எஞ்சின் பின்புறத்தில் இருந்தது. அதனால் வேனுக்கு முன்னே நீண்ட பானட் இல்லை. ஓட்டுநர் முன்சக்கரத்தின் மேலேயே அமர்ந்தார். முன்கண்ணாடி வண்டியின் முகத்திலேயே நின்றது. தெறிக்கும் சேறும் பூச்சிகளும் தடுப்பின்றி நேரே கண்ணாடியில் வந்து மோதின.

1967 ஆகஸ்டில் வந்த இரண்டாம் தலைமுறையில் நடுவே பிரிந்திருந்த கண்ணாடிக்குப் பதிலாக ஒரே வளைந்த கண்ணாடி பொருத்தப்பட்டது. துடைக்க வேண்டிய பரப்பு பெரிதானது. வாஷரின் தேவையும் கூடியது.

காற்றழுத்த முறை

வோக்ஸ்வாகன் வாகனங்கள் 1960களின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் 6 வோல்ட் மின்சாரத்தில் இயங்கின. காற்றழுத்த முறைக்கு மின்சாரமே தேவையில்லை. தேய்ந்துபோகும் மோட்டாரும் இல்லை. பீட்டில் காரில் ஸ்டெப்னி முன்பக்கம் வாஷர் தொட்டிக்கு அருகிலேயே இருந்ததால், இரண்டையும் ஒரு டியூபால் இணைத்து ஸ்டெப்னியின் காற்றையே பயன்படுத்தினார்கள். ஸ்டெப்னியில் வழக்கத்தைவிடக் கூடுதலாக, சுமார் 42 பவுண்டு காற்று அடித்து வைக்க வேண்டும். அழுத்தம் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால் இடையிலுள்ள வால்வு மூடிக்கொள்ளும். பஞ்சர் ஆகும் நாளில் ஸ்டெப்னி காற்றின்றிக் கிடக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

டைப் 2 வேனில் தொட்டியே காற்றையும் தாங்கியது. முன்பக்க உட்பலகைக்குப் பின்னால் பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்கியபின், டயர் வால்வு போன்ற வால்வு வழியாகக் காற்று அடித்தார்கள். தொடக்க ஆண்டுகளில் வைப்பர் குமிழின் நடுவிலிருந்த பொத்தானை அமுக்கினால் தண்ணீர் பாயும். 1970களின் தொடக்கத்தில் இந்த வேலை ஸ்டியரிங் தண்டின் பக்கவாட்டு நெம்புகோலுக்கு மாறியது. இரண்டிலும் அங்கே இருந்தது மின் சுவிட்சு அல்ல, தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடும் வால்வு. தண்ணீர் டியூபே அந்த இடம் வரை வந்து திரும்பி நுண்துளை முனைகளுக்குச் சென்றது.

தொட்டியை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. தண்ணீரைத் தள்ளும் விசை மேலே அடைபட்ட காற்றிலிருந்தே வருகிறது. காற்று விரிய விரிய அழுத்தம் குறையும். 44 பவுண்டு அழுத்தம் என்று எடுத்துக்கொண்டால், பாதி தண்ணீரும் பாதி காற்றும் உள்ள தொட்டியில் தண்ணீர் முழுதும் வெளியேறிய பின்னரும் சுமார் 15 பவுண்டு எஞ்சும். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் இருந்தாலோ, அதில் மூன்றில் ஒரு பங்கு வெளியேறுவதற்குள் அழுத்தம் தீர்ந்துவிடும். தண்ணீர் நிறைய இருந்தும் வாஷர் வேலை செய்யவில்லை என்ற குறைக்குப் பலமுறை இதுவே காரணம்.

பழுதுகளும் சரிசெய்தலும்

காற்றழுத்த வாஷரின் பழுதுகளில் பெரும்பாலானவை இரண்டு வகைக்குள் அடங்கும்: காற்று கசிவது, தண்ணீர் அடைபடுவது. இரவில் அடித்த காற்று காலையில் இல்லையென்றால் கசிவு. காற்று இருந்தும் தண்ணீர் வரவில்லையென்றால் அடைப்பு.

கசிவு முதலில் தேடப்படும் இடம் தொட்டியின் மூடி. அதன் ரப்பர் வளையம் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி வெடிக்கிறது. அடுத்தது காற்றடிக்கும் வால்வின் உட்பகுதி. பிறகு டியூப் இணைப்புகள். சோப்புத் தண்ணீரைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழி எழும். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கும் அதே முறைதான். இறுகிப்போன டியூபின் நுனியை மட்டும் வெட்டிப் பொருத்தினால் சில வாரங்களே தாங்கும். முழு நீளத்தையும் மாற்றுவதே சரியான வழி.

நெம்புகோல் வால்வில் ஏற்படும் கசிவு ஆபத்தானது. அங்கே எப்போதும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்பதால், கசிந்தால் அது ஸ்டியரிங் தண்டு வழியாக இறங்கி ஓட்டுநரின் காலில் சொட்டும். வழியிலுள்ள மின் இணைப்புகளையும் நனைக்கும்.

அடைப்பு பெரும்பாலும் முனைகளில் ஏற்படும். உப்புத் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவும் தொட்டியில் வளரும் பாசியும் நுண்துளையை மூடுகின்றன. மெல்லிய கம்பியால் குத்தி, டியூபைக் கழற்றி எதிர்த்திசையில் காற்று ஊதினால் அடைப்பு நீங்கும். எப்போதும் முனையையே குறைசொல்லிக் காற்றை மேலும் மேலும் அடிப்பது தவறு. அரை நூற்றாண்டு பழைய பிளாஸ்டிக் தொட்டி அந்த அழுத்தத்தில் வெடிக்கக்கூடும்.

தொட்டித் தண்ணீரும் நோயும்

தேங்கி நிற்கும் தொட்டித் தண்ணீர் உடல்நலத்தோடும் தொடர்புடையது. லெஜியோனேர்ஸ் நோய் என்பது கடும் நுரையீரல் அழற்சி. இதை உண்டாக்கும் பாக்டீரியா வெதுவெதுப்பான தேக்கநீரில் பெருகி, நீர்த்துளிகளைச் சுவாசிப்பதால் மனிதருக்குப் பரவுகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, கழுவு திரவம் சேர்க்காத வெறும் தண்ணீரை வாஷரில் பயன்படுத்துவதற்கும் இந்நோய்க்கும் வலுவான தொடர்பைக் கண்டது. கழுவு திரவம் குளிர்நாடுகளில் தண்ணீர் உறைவதையும் தடுக்கிறது. நாள்பட நின்ற வேனின் வாஷரைச் சரிசெய்யும்போது பழைய தண்ணீரை முழுவதும் கொட்டிக் கழுவிவிடுவது இதனால் அவசியமாகிறது.

இன்றைய நிலை

1979இல் வந்த மூன்றாம் தலைமுறை வேனில் மின் பம்பு இடம்பெற்றது. பிரேசிலில் இரண்டாம் தலைமுறை வடிவம் 2013 இறுதி வரை உற்பத்தியில் இருந்தது. காற்றுப்பையும் பூட்டாத பிரேக்கும் அங்கே புதிய வாகனங்களுக்குக் கட்டாயமானபோது அது நின்றது.

பழைய வேன்களில் சிலர் 12 வோல்ட் மின் பம்பைப் பொருத்திக்கொள்கிறார்கள். நெம்புகோலில் மின் தொடுப்பு இல்லாததால் அதற்குத் தனிப் பொத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. வேறு சிலர் மூடி வளையத்தையும் டியூபையும் புதுப்பித்து மூல அமைப்பையே காக்கிறார்கள்.

பிரிட்டனில் 40 ஆண்டுகளைக் கடந்த, பெருமளவு மாற்றப்படாத வாகனங்களுக்கு 2018 மே முதல் ஆண்டுப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு. அந்தப் பரிசோதனையில் வாஷரும் சோதிக்கப்படும். விலக்குப் பெற்றாலும் வண்டியைச் சாலைக்குத் தகுதியான நிலையில் வைத்திருக்கும் சட்டப் பொறுப்பு உரிமையாளரிடமே இருக்கிறது. முன்பு ஆண்டுக்கொருமுறை பரிசோதகர் அமுக்கிப் பார்த்த வாஷரை, அத்தகைய வேன்களில் இப்போது ஓட்டுபவரே புறப்படுமுன் அமுக்கிப் பார்க்க வேண்டும்.