மேட்டூரும் தென்னக மின்தொகுப்பும்

சேலம், நாமக்கல் சமவெளியின் மின்வரலாறு, தனித்தனியாக இயங்கிய நீர்மின் நிலையங்கள் நாடு தழுவிய ஒரே மின்தொகுப்பாக இணைந்த வரலாற்றின் பகுதியாகும்.

25-உம் 50-உம்

மாறுதிசை மின்னோட்டம் ஒரு நொடியில் எத்தனை முறை சுழல்கிறது என்பதே அதன் அதிர்வெண். அதிர்வெண் வேறுபட்ட இரு அமைப்புகளை நேரடியாக இணைக்க இயலாது. 1902-இல் மைசூர் அரசு காவிரியில் தொடங்கிய சிவசமுத்திரம் நிலையம், கோலார் தங்கவயலுக்கு 25 ஹெர்ட்ஸ் மின்சாரம் அனுப்பியது. சென்னை மாகாணமோ 50 ஹெர்ட்ஸை ஏற்றது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் 1937-இல் மின் உற்பத்தி தொடங்கியது. இவ்வாறு ஒரே ஆற்றின் மின்சாரம் இரண்டு அதிர்வெண்களில் ஓடியது.

ஈரோட்டு இணைப்பு

மேட்டூரின் மின் உற்பத்தி, பாசனத்துக்குத் திறக்கப்படும் நீரைச் சார்ந்தது. அணை மூடப்படும் மாதங்களில் உற்பத்தி குறையும். 1932 முதல் இயங்கிய நீலகிரியின் பைக்காரா நிலையமும் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இரண்டையும் ஈரோட்டில் இணைக்க முடிந்தது. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்தது.

தனித்து நின்ற தெற்கு

தென்மாநிலத் தொகுப்பின் அதிர்வெண்ணும் 50 ஹெர்ட்ஸ்தான் என்றாலும், அது வடக்குடன் ஒரே தாளத்தில் இயங்கவில்லை. தாளப் பொருத்தம் தேவைப்படாத நேர்திசை இணைப்புகளே இரண்டுக்கும் இடையே இருந்தன. 2003-இல் வந்த தால்ச்சர்–கோலார் தடம் அவற்றுள் ஒன்று. இதனால் 2012 சூலை 30, 31 நாட்களில் வடமாநிலங்கள் இருளில் மூழ்கியபோது தெற்கு தப்பியது. ஆயினும் தனிமைக்கு விலை இருந்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் பல மணிநேர மின்வெட்டு நிலவியது. வெளியிலிருந்து வேண்டிய அளவு மின்சாரம் கொண்டுவரப் போதிய தடங்கள் இல்லை. குமாரபாளையம், பள்ளிபாளையம் போன்ற ஊர்களின் விசைத்தறிகள் மின்சாரம் இன்றி நின்றன.

ஒரே தொகுப்பு

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியே தெற்கு இணைந்தது. இந்தியா முழுவதும் ஒரே அதிர்வெண் வந்தது. பின்னர் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 6,000 மெகாவாட் நேர்திசைத் தடம் அமைக்கப்பட்டது. விளைநிலங்களில் உயர்மின் கோபுரங்கள் எழுவதை எதிர்த்து 2018-இல் சேலம், நாமக்கல், ஈரோடு உள்ளிட்ட மாவட்டங்களின் விவசாயிகள் போராடினர். சாலையோரம் புதைவடமாகக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. தறிக்கு மின்சாரம் தரும் இணைப்பே உழவரின் நிலத்தைக் கேட்டதால், மின்தொகுப்பின் பயனும் சுமையும் ஒரே சமவெளியில் சந்தித்தன.