வடசென்னையில் நரம்பியல் மருத்துவம்: கால் தளர்ச்சியும் தண்டுவட மரப்பு நோயும்

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரப் பெரியவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பார்கள். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் நினைவு அது. சத்திரத்தை ஒட்டி மருத்துவ உதவியும் வளர்ந்தது. 1938இல் அங்கே ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி உருவானது.

துறைமுகத்திலோ ஆலையிலோ உழைத்தவருக்குக் கால் தளர்ந்தால் பேச்சுவழக்கில் அதற்கு ஒரே பெயர்தான்: வாதம். பக்கவாதமும் இளம்பிள்ளை வாதமும் மட்டுமல்ல, முதுகெலும்புக் காசநோய், சத்துக்குறைவு, தண்டுவட நோய்கள் எல்லாமே அந்தச் சொல்லுக்குள் அடங்கிப்போயின. பெயர் ஒன்றானதால் வைத்தியமும் தைலம், ஒத்தடம் என்று ஒன்றாகவே நின்றது.

இவற்றைப் பிரித்தறியும் துறை தமிழ்நாட்டில் விடுதலைக்குப் பின்னரே வேரூன்றியது. 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் நரம்பு அறுவைப் பிரிவுகளைத் தொடங்கினர். 1951இல் எஸ். டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோருடன் சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர். இளவயதினருக்குக் கைகால் தசை மெலிந்து காதும் மந்தமாகும் ஒரு நோயைச் சென்னை மருத்துவர்கள் 1970இல் விவரித்தனர். உலக மருத்துவ நூல்களில் அந்நோய் இன்றும் மெட்ராஸ் பெயரோடுதான் வழங்குகிறது.

மல்டிபிள் ஸ்களீரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோயைப் பாரிசில் சார்கோ 1868இலேயே விவரித்துவிட்டார். இந்தியாவில் அது மிக அரிது என்று நெடுங்காலம் கருதினார்கள். எம்.ஆர்.ஐ. கருவி பரவிய பிறகே நோயாளிகள் கூடுதலாகக் கண்டறியப்பட்டனர். அரிது என்பதில் பாதி, தேடாததால் வந்த அரிதே என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே நரம்பிழைகளின் மையலின் உறையைச் சிதைக்கிறது. ஏமாற்றும் நோய் இது. கால் தளர்ச்சி சில வாரங்களில் தானே குறையலாம். தைலம் குணப்படுத்தியது என்று நம்பி வேலைக்குத் திரும்புவார். அடுத்த தாக்குதலில் பழைய வலு முழுதும் திரும்பாமல் போகலாம். உடற்சூடு ஏறினால் அறிகுறி மிகுவதை ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890இல் பதிவு செய்தார். கத்திரி வெயிலிலும் கொதிகலன் அருகிலும் துவளும் கால், உடல் குளிர்ந்ததும் தேறும். மேற்பார்வையாளர் கண்ணுக்கு அது சோம்பலாகத்தான் தெரியும்!

ஆகவே காலைப் பற்றி மட்டும் சொன்னால் போதாது. முன்பு ஒரு கண் மங்கியது, இடுப்புக்குக் கீழ் மரத்துப்போனது, சிறுநீரை அடக்க முடியாதது ஆகியவற்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இவை சேர்ந்து வந்தால் பார்க்க வேண்டியவர் எலும்பு மருத்துவர் அல்லர், நரம்பியல் மருத்துவர். ஸ்டான்லியிலும் பொது மருத்துவமனையிலும் நரம்பியல் பிரிவுகள் உண்டு. மூளை, தண்டுவடப் படங்களும், தேவைப்பட்டால் தண்டுவட நீர்ச் சோதனையும் எடுப்பார்கள். கடும் தாக்குதலுக்குச் சில நாட்கள் ஊசிவழி ஸ்டீராய்டு தருவார்கள். தாக்குதல்களைக் குறைக்கும் நீண்டகால மருந்துகள் வேறு. அவற்றில் முதலாவதான இண்டர்ஃபெரான் பீட்டா 1993இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இயன்முறைப் பயிற்சியும் உடன் தேவை.

1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே குறிப்பிட்டது. இந்நோய் அதில் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் அது பெயரோடு இடம்பெற்றது.