தகுவாபா

தகுவாபா, தென் தாய்லாந்தின் பாங்கா மாகாணத்தில் அந்தமான் கடலோரமாக அமைந்த அமைதியான ஊர். சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் தெற்கே உள்ள காவோ லாக், புக்கெட் ஆகிய இடங்களிலேயே தங்கிவிடுகின்றனர். வெள்ளீயச் சுரங்கக் காலத்துச் சீனர் கடைவீடுகளைப் பழைய நகரில் இன்றும் காணலாம்.

இவ்வூரின் வரலாறு அதனினும் பழையது. ஆற்றுமுகத்திலுள்ள கோ கோ காவோ தீவில் சீன, மேற்காசிய மட்பாண்டத் துண்டுகளும் கண்ணாடி மணிகளும் கிடைத்துள்ளன. ஆற்றின் மேற்பகுதியில், காவோ பிரா நாராய் குன்றருகே ஒரு தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. சிதைந்த இக்கல்வெட்டு எழுத்தமைதியால் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. 'அவனிநாரணம்' என்னும் குளம் தோண்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் ஆகியோரின் காவலில் விடப்பட்டதையும் அது கூறுகிறது. அவனிநாரணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். மணிக்கிராமம் ஒரு வணிகக் குழு. வந்து போகும் வணிகருக்குக் குளக்காவல் தேவையில்லை. எனவே தமிழ் வணிகர் இங்குத் தங்கி வாழ்ந்தனர் எனக் கொள்ளலாம்.

கல்வெட்டு இப்போது இவ்வூரில் இல்லை. கிழக்குக் கரையிலுள்ள நாகோன் சி தம்மராத் அருங்காட்சியகத்தில் உள்ளது. கல் கிடைத்த இடத்தையும் கல்லையும் காண விரும்புவோர் இரு ஊர்களையும் பயணத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். மே முதல் அக்டோபர் வரை மேற்குக் கரையிலும், நவம்பர், டிசம்பரில் கிழக்குக் கரையிலும் மழை மிகுதி. பிப்ரவரி, மார்ச் மாதங்கள் இரண்டுக்கும் ஏற்றவை.