நியாயப்பிரமாணமும் சமபந்தியும்

கிறிஸ்தவ வாழ்வில் கடவுளின் சட்டத்துக்குரிய இடம் என்ன என்பது கிறிஸ்தவ இறையியலின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. தமிழ்ச் சீர்திருத்தச் சபையினர் இச்சட்டத்தை நியாயப்பிரமாணம் என்பர். இன்றைய தேனி மாவட்டத்தின் பெரியகுளமும் கம்பம் பள்ளத்தாக்கும் அடங்கிய பழைய மதுரை மாவட்டத்தில் இக்கேள்வி சாதியை முன்வைத்து எழுந்தது. சாதியைக் கைவிடுவதை அமெரிக்கன் மதுரை மிஷன் 1847இல் சபை உறுப்பினர்களுக்குக் கட்டாய விதியாக்கியது.

கோட்பாட்டுப் பின்னணி

மோசே வழியாக இஸ்ரவேலருக்கு அளிக்கப்பட்ட சட்டத்தின் மையம் பத்துக் கட்டளைகள். மனிதர் நீதிமான்களாவது விசுவாசத்தினாலேயன்றிச் சட்டத்தின் கிரியைகளால் அல்ல என்று பவுல் கற்பித்தார். இதையொட்டி எழுந்த முதல் பெரிய சச்சரவு சாப்பாட்டுப் பந்தியில் நிகழ்ந்தது. அந்தியோகியாவில் யூதரல்லாத விசுவாசிகளுடன் உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து யூதக் கிறிஸ்தவர்கள் வந்ததும் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்பாகவும் கண்டித்ததைக் கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது.

பதினாறாம் நூற்றாண்டின் சீர்திருத்த இறையியல் சட்டத்துக்கு மூன்று பயன்களை வகுத்தது. அது சமூகத்தில் தீமையை அடக்குகிறது. மனிதருக்குத் தம் பாவத்தைக் கண்ணாடிபோல் காட்டுகிறது. விசுவாசிகளுக்கு வாழ்க்கை நெறியாகிறது. லூத்தர் இரண்டாவதை வலியுறுத்தினார். கால்வின் மூன்றாவதையே முதன்மையாகக் கொண்டார். இவ்வேறுபாடு பின்னர் தமிழ்நாட்டு மிஷன்களின் போக்கிலும் வெளிப்பட்டது.

சட்டமா, நாட்டு வழக்கமா?

மதுரையில் இக்கேள்வி முதலில் கத்தோலிக்கரிடையே எழுந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி, குடுமி, பூணூல், சந்தனம் ஆகியவை சமூக அடையாளங்களே, சமயச் சின்னங்கள் அல்ல என வாதிட்டார். திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623இல் அவற்றை நிபந்தனைகளுடன் அனுமதித்தார். நாட்டு வழக்கம் என்று ஏற்கப்பட்டவற்றுடன் சாதிப் பிரிவினையும் தேவாலயத்துக்குள் நிலைத்தது.

தரங்கம்பாடி மரபில் வந்த லூத்தரன் சபைகளிலும் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கம் நீடித்தது. 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபையிலிருந்து முற்றிலும் உடனடியாக நீக்கவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் இதை எதிர்த்தனர்.

1847ஆம் ஆண்டு விதி

அமெரிக்கன் மதுரை மிஷன் யாழ்ப்பாணத்திலிருந்த அமெரிக்க மிஷனின் கிளையாக 1834இல் தொடங்கியது. அதன் மிஷனரிகளில் பலர் கால்வினின் மரபில் வந்த காங்கிரிகேஷனல் சபையினர். ஓய்வுநாள் ஆசரிப்பும் ஒழுக்கக் கட்டுப்பாடும் அவர்களின் சபை வாழ்வில் முக்கிய இடம் பெற்றிருந்தன. சட்டம் விசுவாசியின் வாழ்க்கை நெறி என்றால், பிறனை நேசிக்கவேண்டும் என்ற கட்டளையைச் சாதி மீறுகிறது என்பது அவர்களின் வாதம்.

சாதியைக் கைவிட்டதற்கு அடையாளமாக, தாழ்த்தப்பட்டோர் சமைத்த உணவை உண்பது சோதனையாக வைக்கப்பட்டது. 1847இல் இதற்கு இணங்காத 72 உறுப்பினர்கள் சபையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டனர். அவர்களில் 38 பேர் உபதேசியார்கள். கிராமங்களில் ஞாயிறு ஆராதனையை நடத்தி, பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்வித்தவர்களே அந்தக் கட்டளைகளின் பெயரால் விலக்கப்பட்டனர்.

லைப்சிக் லூத்தரன் மிஷன் இம்முறையை ஏற்கவில்லை. சாதி பெருமளவுக்குச் சமூக ஏற்பாடு. கடவுள் நேரடியாக விதிக்காத ஒன்றைச் சட்டமாக்கினால் சுவிசேஷம் தரும் சுதந்திரம் பறிபோகும். உள்ளம் மாறினால் வழக்கம் தானே மாறும் என்பது அதன் நிலை. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு சாதியைக் கண்டித்தபோதும் லைப்சிக் மிஷன் அதில் சேரவில்லை.

இரு தரப்பும் பவுலையே துணைக்கழைத்தன. சட்டத்தால் யாரும் இரட்சிக்கப்படுவதில்லை என்ற பவுலை லூத்தரன்கள் முன்வைத்தனர். பந்தியிலிருந்து விலகிய பேதுருவைக் கண்டித்த பவுல் அமெரிக்கர்களின் வாதத்துக்கு வலுசேர்த்தார்.

பெரியகுளம்

பழனி மலையடிவாரத்தில் வராக நதிக்கரையில் அமைந்த பெரியகுளம், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மதுரை மிஷனின் நிலையங்களுள் ஒன்றாயிற்று. ஜே. டி. நோய்ஸ் இங்கு பணியாற்றிய மிஷனரிகளில் ஒருவர். 1847ஆம் ஆண்டு விதியை ஏற்ற மிஷனின் நிழலில் இங்குள்ள சபைகள் வளர்ந்தன. அமெரிக்கன் மதுரை மிஷன் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், அதன் வழியாக 1947இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன.

விளைவுகள்

சமபந்தி விதியால் சாதி மறைந்துவிடவில்லை. திருமண உறவிலும் குடியிருப்பிலும் கல்லறையிலும் அது தமிழ்க் கிறிஸ்தவரிடையே தொடர்ந்தது. உண்ணும் கையைச் சட்டம் கட்டுப்படுத்த முடிந்தது. பெண் கொடுக்கும் மனதை அது தொடவில்லை. எனினும் சாதியைப் பாவம் என்று பெயரிட்டதால், பாகுபாட்டுக்கு உள்ளானவர்கள் சபைக்குள்ளேயே நியாயம் கேட்க அது ஓர் அடிப்படையாயிற்று. உள்ளம் மாறும்வரை காத்திருக்கச் சொன்ன நிலைப்பாட்டில் இந்த அடிப்படை இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பது இதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. மதம் மாறிய பின்னும் அதே அளவு கடுமையான சாதிய இழிவு தொடர்வதை நிறுவவேண்டும் என்று 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறுகின்றனர். சபையின் சட்டம் விலக்கிய சாதியை அவர்கள் சபைக்குள்ளும் எதிர்கொள்கின்றனர். அது இன்னும் இருக்கிறது என்பதை நீதிமன்றத்திலும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது.